செல்ஃப் எடுக்காத இருபத்துநாலு நாள்

ஆரம்பாக்கம்,
29-10-1973, திங்கட்கிழமை.

பெருமதிப்பிற்குரிய 'எந்திர மஞ்சரி' ஆசிரியர் ஐயா அவர்களின் சமூகத்துக்கு, கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே ஆரம்பாக்கத்திலிருந்து சந்தா எண் 412 துளசிராமன் பணிவுடன் எழுதிக்கொள்வது. தாங்களும், தங்கள் குடும்பத்தாரும், தங்கள் அச்சு இயந்திரமும் பழுதில்லாமல் இருக்க வேண்டுகிறேன். இங்கே அக்கா நலம், மாமா நலம், மழையும் ஓரளவு நலம். மற்ற விஷயத்தைக் கீழே விவரமாக எழுதுகிறேன். தாங்கள் பொறுமையாக, முடிந்தால் உட்கார்ந்துகொண்டு, படிக்க வேண்டும்.

என்னைத் தங்களுக்கு நினைவிருக்கும். டீசல் குழாய் கசிந்தால் பழைய சைக்கிள் ட்யூபைக் கிழித்துச் சுற்றலாம் என்று போன வருஷம் 'வாசகர் யோசனை' பகுதியில் நாலு வரி வந்ததே, அந்தத் துளசிராமன் நான்தான். அந்த ட்யூப் டீசலில் ஊறிப் பிசினாகிவிடும் என்று மறு மாதமே மூன்று பேர் எழுதியதையும் தாங்கள் அச்சிட்டீர்கள். அதையும் வெட்டி வைத்திருக்கிறேன். என் வயசுப் பையன்கள் சுவரில் சினிமாக்காரர்கள் படத்தை ஒட்டிக்கொண்டிருந்தபோது நான் தங்கள் அட்டைப்படங்களை ஒட்டினேன். பம்ப்செட் சிறப்பிதழ் வந்த அன்று சோறு சாப்பிடவில்லை. எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் போனவன் நான். எந்த ஒர்க்‌ஷாப்பிலும் யாரும் எனக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்ததில்லை. எந்திரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் மாதம் ஒரு தடவை தாங்கள் தபாலில் அனுப்பியதுதான். இவ்வளவையும் எதற்குச் சொல்கிறேன் என்றால், இப்படிப்பட்ட ஒருவன் இன்று தங்கள் ரசிகர் பதவியிலிருந்து ராஜினாமா செய்ய வேண்டிய நிலைமைக்கு வந்திருக்கிறான் என்றால் அவன் எவ்வளவு களைத்துப் போயிருப்பான் என்று தாங்கள் உணர வேண்டும்.

என் அக்கா தாயாரம்மாளின் கணவர் அருணகிரி. எனக்கு மாமா. கும்மிடிப்பூண்டி அரிசி ஆலையில் வேலை. காலை முதல் ரயிலில் போனால் பொழுது சாய்ந்துதான் இறங்குவார். அவர் ஆவணி மாதம் நாயுடுபேட்டைப் பக்கம் ஒரு பழைய டிராக்டர் வாங்கினார். சீமையில் செய்தது, எனக்கு மூத்தது. ஓட்டுகிற பொறுப்பு என்னுடையது. ஆயுத பூஜைக்கு வண்டிக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்து, சந்தனம் வைத்து, சாமந்தி மாலை போட்டுக் கோயில் முன்னால் நிறுத்தினோம். ஊரே வந்திருந்தது. கற்பூரம் ஏற்றுவதற்குக் கொஞ்சம் தாமதமாயிற்று. ஸீட்டில் உட்கார்ந்திருந்த நான் சும்மா இருந்திருக்கலாம். கூட்டத்தில் அஞ்சம்மாள் நின்றாள். புருஷன் இல்லாதவள், ரயில் தண்டவாளத்துக்கு மேற்கே ஒன்றரைக் காணி நிலம், அதுதான் அவளுக்கு எல்லாம். நாற்று விட்டு அன்றைக்கு இருபத்தைந்து நாள். முப்பது, முப்பத்தைந்துக்குள் சேறு அடித்து நட்டுவிட வேண்டும். அதற்குமேல் நாற்று முற்றிப்போனால் நட்டும் பிரயோஜனமில்லை. வருஷா வருஷம் லோகநாதன் மாடு கட்டி ஓட்டிக் கொடுப்பார். நான் மேலே இருந்து எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி, அக்கா, இந்த வருஷம் மாடு வேண்டாம், நான் ஒரே நாளில் ஓட்டித் தருகிறேன் என்று சொன்னேன். அவள் அங்கேயே லோகநாதனைத் திரும்பிப் பார்த்து வரவேண்டாம் என்றாள். அவரும் தலையை ஆட்டினார். கற்பூரம் ஏற்றினார்கள். எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைத்தார்கள். நான் பொத்தானை அமுக்கினேன். டக் என்றது. மறுபடியும் அமுக்கினேன். மறுபடியும் டக். எலுமிச்சம்பழம் முழுசாகவே இருந்தது.

அன்று ராத்திரி மாமா சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது ஒன்றே ஒன்று சொன்னார்.

“அஞ்சம்மா நெலத்த இந்த வண்டி ஓட்டியாவணும். ஓட்டலன்னா வண்டி காயலான் கடைக்கி, நீ கும்மிடிப்பூண்டி பட்டறைக்கி. கம்பி தூக்கினு கெட.”

அதனால்தான் அடுத்த நாள் காலையில் தங்களுக்கு முதல் கார்டு எழுதினேன். தபால் கார்டில் இடம் குறைவு. மானத்துக்குப் பயந்து அவசரமாக வேறு எழுதினேன். நகல் என்னிடம் இருக்கிறது: 'ஐயா, போன வாரம் வரை நன்றாக இருந்தது. ஆயுத பூஜையன்று நாலு பேர் முன்னால் செல்ஃப் எடுக்கவில்லை. எவ்வளவு அழுத்தினாலும் டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வெளியே தலைகாட்ட முடியவில்லை. வழி சொல்லவும்.' இதில் டிராக்டர் என்ற சொல்லே இல்லை என்பது பெட்டியில் போட்ட பிறகும் எனக்கு உறைக்கவில்லை. செல்ஃப் என்றால் ஸ்டார்ட்டர் மோட்டார் என்று இந்தப் பக்கத்தில் லாரியில் மூட்டை தூக்குகிறவருக்கும் தெரியும். 'எந்திர மஞ்சரி'க்கு எழுதுகிற கார்டில் வேறு எது எடுக்காமல் போகும்? ஆறாம் நாள் பதில் வந்தது. 'தம்பிக்கு, வாலிப வயதில் தன்னம்பிக்கை குறைவது இயல்பே. கூட்டத்தைக் கண்டு கூச வேண்டாம். அதிகாலையில் குளிர்ந்த நீரில் குளிக்கவும். சனிக்கிழமை தோறும் நல்லெண்ணெய் தேய்க்கவும். சத்தம் மூட்டிலிருந்து வரக்கூடும். இரண்டு மாதத்தில் எடுக்கும்.' தங்கள் கட்டடத்திலேயே 'வாலிபர் தோழன்' என்று ஒரு பத்திரிகையும் நடக்கிறது, கடிதம் மேசை மாறியிருக்கிறது என்று இப்போது புரிகிறது. அப்போது புரியவில்லை ஐயா. தாங்கள் எழுதி நான் செய்யாமல் விட்டது எதுவும் கிடையாது. தம்பி என்றது என்னை, குளிக்க வேண்டியது வண்டி என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் சனிக்கிழமையாக அமைந்தது. விடியற்காலையில் கிணற்றிலிருந்து நாற்பது குடம் தண்ணீர் இறைத்து வண்டியின் தலையிலிருந்து ஊற்றினேன். பிறகு அக்காவின் அடுக்களையிலிருந்து நல்லெண்ணெய்ப் புட்டியை எடுத்து, மூட்டு என்று தோன்றிய இடங்களில் எல்லாம் தேய்த்தேன், ஸ்டார்ட்டருக்குக் கொஞ்சம் தாராளமாகவே. இரண்டு மாதத்தில் எடுக்கும் என்று எழுதியிருந்ததுதான் எனக்கு இடித்தது, ஏனென்றால் நாற்றுக்கு அன்றைக்கு முப்பத்துமூன்று நாள். எண்ணெய்ப் புட்டியைத் தேடிக்கொண்டு வெளியே வந்த அக்கா அப்படியே நின்றுவிட்டாள். தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளைக்குக்கூட இவ்வளவு எண்ணெய் நம்ம வீட்டில் வைத்ததில்லை, சீயக்காயும் அரைத்துத் தரட்டுமா என்று கேட்டாள். பொத்தானை அமுக்கினேன். டக் என்றது, ஆனால் முன்னைவிட வழுவழுப்பாக. அன்றைக்கு மட்டும் அஞ்சம்மாள் வரவில்லை. மற்றபடி ஆயுத பூஜைக்கு மறுநாளிலிருந்து தினமும் காலையில் எங்கள் வாசலுக்கு வந்து நிற்பாள். திட்டினால் கூடப் பரவாயில்லை. திட்டவே மாட்டாள். “இன்னா நைனா, எடுத்துச்சா?” என்பாள். இல்லை அக்கா என்பேன். “செரி, பாத்துக்கினே இரு, எடுக்கும்” என்று சொல்லிவிட்டு மேற்கே தண்டவாளத்தைத் தாண்டிப் போய்விடுவாள். அவள் கால் முழங்கால் வரைக்கும் சேறாக இருக்கும். பாவம், முற்றுகிற நாற்றுக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வருகிறாள் என்று எனக்கு நாஷ்டா இறங்காது.

இரண்டாவது கார்டில் டிராக்டர் என்று மூன்று இடத்தில் எழுதி மூன்றுக்கும் கோடு போட்டேன். இந்தத் தடவை தாங்களே பதில் எழுதியிருந்தீர்கள். கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன் என்பதை இப்போது வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். 'துவக்கி சுழலாமைக்கு முதற்காரணம் மின்கலத்தின் மண்தொடுப்புத் தளர்வே. மண்தொடுப்பைச் சீர்செய்க.' ஐயா, தங்கள் தமிழ்ப்பற்றுக்கு நான் தலை வணங்குகிறேன். கார்பரேட்டரைத் தாங்கள் காற்றெரி கலப்பி என்று எழுதிய மாதம் அதை நான் மனப்பாடம் செய்தவன். ஆனால் மண்தொடுப்பு என்றால் நான் என்ன செய்வேன்? துவக்கி ஸ்டார்ட்டர், மின்கலம் பேட்டரி, சரி. மண் என்றால் மண்தானே. சந்தேகத்துக்கு எங்கள் ஊரில் பம்ப்செட்டுகளுக்கு ஒயரிங் செய்கிற சின்னதுரையைக் கேட்டேன். அவன் கார்டை இரண்டு தடவை படித்துவிட்டு, இது எர்த்து, மோட்டாருக்குப் போடுவதுதான், குழி வெட்டிக் கரியும் உப்பும் கொட்டித் தகடு புதைத்துக் கம்பி இழுக்கணும், இதுகூடத் தெரியாமல் நீ என்ன டிராக்டர் ஓட்டுகிறாய் என்றான். பேட்டரியிலிருந்து வண்டிக்குப் போகிற பட்டையை அவனே கழற்றிப் போட்டான். மூன்றடிக் குழி வெட்டினோம். ஒரு மூட்டை கரி, அரை மூட்டை பழவேற்காட்டு உப்பு. பேட்டரியில் ஒரு முனை, குழியில் ஒரு முனை. பொத்தானை அமுக்கினேன். இதுவரை டக் என்றாவது சொல்லிக்கொண்டிருந்த வண்டி இப்போது வாயே திறக்கவில்லை. சத்தம் போய்விட்டதல்லவா, பாதி சரியாகிவிட்டது என்றான் சின்னதுரை.

மூன்றாம் கார்டுக்குத் தங்கள் பதில் ஒரே வரி. 'மண்தொடுப்பின் பரப்பு போதாது, செப்பு நன்று.' இதைப் படித்த அன்று வீட்டில் இருந்த செப்பு என்று பார்த்தால் அக்காவின் கல்யாணச் சீர் தவலை ஒன்றுதான். அதை எப்படி எடுத்தேன் என்று எழுத வேண்டாம். கவிழ்த்துப் புதைத்தோம். ஈரம் குறையக்கூடாது என்று காலையும் மாலையும் குழிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்றான் சின்னதுரை. வேப்பங்கன்று வைத்திருக்கிறேன் என்று அக்காவிடம் சொன்னேன். அவளே நாலு நாள் ஊற்றினாள், தவலையைத் தேடிக்கொண்டே. அஞ்சம்மாள் வழக்கம்போல வந்தாள். குழியைப் பார்த்தாள், கம்பியைப் பார்த்தாள், கம்பி போய்ச் சேருகிற வண்டியைப் பார்த்தாள்.

“ஏன் நைனா, இது கெளம்பிச்சின்னா குழியும் கூடவே வருமா?”

இந்தக் கேள்வி 'எந்திர மஞ்சரி'யின் முப்பத்தோரு இதழிலும் வரவில்லை. எனக்கும் தோன்றவில்லை. சின்னதுரைதான், ஸ்டார்ட் ஆனதும் கழற்றிவிட வேண்டியதுதான், கன்றுக்குட்டிக்குக் கயிறு கழற்றுவது இல்லையா என்றான். அன்றோடு அவன் இந்தப் பக்கம் வரவில்லை.

செல்ஃப் எடுக்காவிட்டால் தள்ளி எடுப்பது என்று எல்லோருக்கும் தெரியும். அதை ஏன் செய்யவில்லை என்று தாங்கள் கேட்கலாம். செய்தோம் ஐயா. சமதளத்தில் பதினோரு பேர் தள்ளினோம், வண்டி நகர்ந்தது, எங்கள் மூச்சுதான் ஸ்டார்ட் ஆயிற்று. கடைசியில் தீபாவளிக்கு நாலு நாள் முன்னால், வேறு வழியில்லாமல், நான் யாரை ஊர் முன்னால் வேண்டாம் என்று சொன்னேனோ அந்த லோகநாதனிடமே போய் நின்றேன். அவர் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. மாட்டை ஓட்டிக்கொண்டு வந்து என் டிராக்டருக்கு நுகத்தடி கட்டினார். மாடுகள் இரண்டும் திரும்பித் திரும்பி அதைப் பார்த்தன. குழிக் கம்பியை அன்றைக்கு மட்டும் கழற்றிவிட்டு, வண்டியைக் கல்கத்தா நெடுஞ்சாலை மேட்டுக்கு இழுத்து ஏற்றி, மாட்டை அவிழ்த்துவிட்டு, இறக்கத்தில் விட்டோம். பாதி இறக்கத்தில் கிளட்சை விட்டேன், படபடவென்று பிடித்துக்கொண்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நாற்றுக்கு நாற்பத்தோரு நாள், போனால் போகிறது, இன்றைக்கே சேறு அடித்துவிட்டால் பாதியாவது தேறும் என்று நேராக மேற்கே விட்டேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி. நின்றுகொண்டு உறுமினேன். கேட் கீப்பர் வந்து, அணைத்துத் தொலை, டெலிபோன் மணி காதில் விழவில்லை என்றார். அணைத்தால் எடுக்காது என்றேன். அப்படியானால் எதற்கு வண்டி என்று பெயர் என்றார். அதற்குப் பதில் சொல்லும்போது கால் கிளட்சிலிருந்து வழுக்கிவிட்டது. எண்ணெய் தேய்த்ததில் மிச்சம் பெடலில் இருந்திருக்கிறது. ஒரு குலுக்கு, அவ்வளவுதான், அமைதி. கூட்ஸ் போய்விட்டது. கேட் திறந்துவிட்டது. எனக்குப் பின்னால் சூளூர்பேட்டை பஸ், அதற்குப் பின்னால் இரண்டு லாரி, நாலு கட்டை வண்டி. பஸ்ஸில் வந்தவர்கள் இறங்கி, தமிழில் பாதிப் பேர் தெலுங்கில் பாதிப் பேர் என்னைத் திட்டிக்கொண்டே வண்டியை வந்த வழியே பின்னுக்குத் தள்ளி ஓரம் கட்டினார்கள். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து அஞ்சம்மாள் ஓடி வந்தாள். இதோ இன்னும் கொஞ்ச தூரம்தான் அக்கா, மறுபடி மேட்டுக்கு இழுத்து விட்டு வருகிறேன் என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வாணாம் நைனா. ஊட்டுக்குத் திரும்பிக்கோ. இன்னிக்கி நீ நெலத்துக்கு வரவே வாணாம். நாத்து எங்கியும் ஓடிப்பூடாது.”

அவ்வளவு நல்லவள் ஐயா. ஒரு வருஷச் சோறு கண் முன்னால் முற்றிக்கொண்டிருக்கிறது, இவள் என்னை வீட்டுக்குப் போய்த் தூங்கச் சொல்கிறாள். லோகநாதன் பக்கத்தில் நின்று மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தத் தீபாவளிக்கு நான் புதுத்துணி உடுத்தவில்லை. மாமா மட்டும் என்னைக் கூப்பிட்டு, திங்கட்கிழமை பொழுது சாய நான் ரயிலை விட்டு இறங்கும்போது அந்த நிலம் உழுதிருக்க வேண்டும், இல்லையென்றால் செவ்வாய்க்கிழமை காலை ரயிலில் நீயும் என்னோடு ஏறு, பட்டறையில் சொல்லி வைத்துவிட்டேன் என்றார். அந்தத் திங்கட்கிழமைதான் இன்று.

இன்று காலை பழவேற்காட்டிலிருந்து கருவாடு ஏற்றிக்கொண்டு சூளூர்பேட்டைச் சந்தைக்குப் போகிற லாரி ஒன்று எங்கள் வீட்டு வாசலில் நின்றது. ஓட்டிக்கொண்டு வந்தவர் பெயர் முஸ்தபா, ஐம்பது வயசு இருக்கும். ரேடியேட்டருக்குத் தண்ணீர் கேட்டு இறங்கியவர் என் வண்டியைப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார், கம்பியின் வழியாகவே நடந்து குழிக்குப் போனார். “இன்னா தம்பி, கட்டி வெச்சிக்கிறே, ராவுல ஓடிப்பூடுமா?” என்றார். தங்கள் கார்டைக் காட்டினேன். படித்தார். வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். சிரிக்கவில்லை. சிரிப்புக்கு மேலே ஒரு நிலை இருக்கிறது, அது. பிறகு எழுந்து குழிக் கம்பியைக் கழற்றி எறிந்தார். சின்னதுரை கழற்றிப் போட்ட பழைய பட்டையைத் தேடி எடுத்தார். அது வண்டியோடு சேருகிற போல்ட்டைத் துடைத்துப் பார்த்தார். அந்த இடம் முழுக்கச் சிவப்புப் பெயிண்ட், கீழே ஒரு கோட்டு, மேலே ஒரு கோட்டு. கருவாடு வெட்டுகிற கத்தியால் இரும்பு பளபளவென்று தெரிகிற வரைக்கும் சுரண்டிப் பட்டையை வைத்து முறுக்கினார்.

“எர்த்துன்னா மண்ணு இல்ல தம்பி. வண்டியோட ஒடம்புதான் எர்த்து. பெயிண்ட்ட அடிச்சி அதோட வாய அடைச்சிட்டு, ஊரு மண்ணையெல்லாம் தோண்டினு கெடக்கிறியே. இப்ப அமுக்கு.”

அமுக்கினேன். எடுத்தது ஐயா. இருபத்துநாலு நாள் கழித்து, ஒரே அமுக்கில். அக்கா ஓடி வந்தாள். அவள் சந்தோஷப்படும்போதே தவலையைப் பற்றியும் சொல்லிவிட்டேன், அதனால் அந்தச் சந்தோஷம் அவ்வளவு நேரம் நிற்கவில்லை. யார் இப்படிப் பெயிண்ட் அடித்தது என்று முஸ்தபா பாய் கேட்டார். யாரோ வெளியூர் ஆள் என்றேன். அவர் போய்விட்டார். டீசல் வாங்க லோகநாதனைப் பெட்ரோல் பங்குக்கு அனுப்பியிருக்கிறேன். ஏனோ அவரிடம் அவசரமே தெரியவில்லை. போய் ஒரு மணி நேரம் ஆகிறது. என்ஜினை அணைக்க எனக்குத் தைரியமில்லை. அது ஓடிக்கொண்டே இருக்கிறது, அதன் பானெட்டின் மேல் காகிதத்தை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். எழுத்து நடுங்கியிருந்தால் என் கை அல்ல, வண்டி. டீசல் வந்ததும் நேராக அஞ்சம்மாள் நிலம். நாற்பத்தொன்பது நாள் நாற்று, ஒரு குத்துக்கு ஏழெட்டாக நெருக்கி நடச் சொல்லி அவள் காலில் விழப் போகிறேன்.

ஆகையால் ஐயா, கீழ்க்கண்டவற்றைத் தெரிவித்துக்கொள்கிறேன். ஒன்று, மண்தொடுப்பு என்ற சொல்லால் ஒரு குடும்பத்தின் தவலையும் ஒரு விதவையின் நாற்றும் நாசமானதற்குத் தாங்களே முழுப் பொறுப்பு. அடுத்த இதழில் அந்தச் சொல்லை வாபஸ் வாங்கிக் கட்டம் போட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும். அதே இதழில் 'வெற்றிச் செய்தி' பகுதியில், ஆரம்பாக்கம் அஞ்சம்மாள் அவர்களின் நிலம் 29-10-73 அன்று துளசிராமன் அவர்களால் டிராக்டரில் உழப்பட்டது என்று ஒரு வரி போட வேண்டும், மாமாவிடம் காட்டுவதற்கு. அதோடு சந்தா எண் 412 தங்கள் ரசிகர் பதவியை இன்றோடு ராஜினாமா செய்கிறான். சந்தா தீருகிற வரை இதழ் வரட்டும், படிக்கிறேன், ஆனால் ரசிக்க மாட்டேன். எனக்கு மிகவும் அசதியாக இருக்கிறது.

தங்கள் துணைவியாருக்கும், அச்சுக் கோக்கிறவர்களுக்கும், 'வாலிபர் தோழன்' மேசையில் எனக்குப் பதில் எழுதிய அன்பருக்கும் என் வணக்கத்தைச் சொல்லவும். அவர் சொன்னபடி குளிர்ந்த தண்ணீரில் நான்தான் குளித்திருக்க வேண்டும் போலிருக்கிறது. தங்கள் பேனாவும் பிழை திருத்துகிறவர் கண்ணும் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
முன்னாள் ரசிகன்,
துளசிராமன்.

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் அச்சில் போட வேண்டாம். மன்னிப்பும் கேட்க வேண்டாம். அந்தப் பெயிண்ட் அடித்த வெளியூர் ஆள் நான்தான். பட்டையைக் கழற்றி, அழகாக இருக்கட்டும் என்று உள்ளேயும் ஒரு கோட்டு அடித்து மாட்டினேன். தங்கள் சொல் மேல் குற்றமில்லை, தவலையிலும் ஒரு நெளிசல்தான். ராஜினாமாவையும் நிறுத்தி வைக்கவும். உறையை ஒட்டுவதற்குள் லோகநாதன் டீசலோடு வந்துவிட்டார். கடிதத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். கேட் திறந்திருந்தது. தண்டவாளத்தைத் தாண்டி அஞ்சம்மாள் நிலத்து வரப்பில் கொண்டுபோய் வண்டியை நிறுத்தினேன். நிலம் பச்சையாக இருந்தது ஐயா. ஒன்றரைக் காணியும் நட்டு, வேர் பிடித்து, தழைத்து, முழங்காலுக்கு நிற்கிறது. நடுவில் குனிந்து அஞ்சம்மாள் களை எடுத்துக்கொண்டிருந்தாள். நான் வண்டிக்கு எண்ணெய் தேய்த்தேனே, அந்தச் சனிக்கிழமையே லோகநாதன் மாடு கட்டி ஓட்டி நட்டு முடித்துவிட்டார்களாம், பதினாறு நாளாகிறது. ஊரில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் மாமாவுக்கும் டிராக்டருக்கும்தான் தெரியாது. ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று அஞ்சம்மாளைக் கேட்டேன், என்ஜின் சத்தத்தில் இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது. அவள் கையில் களையோடு வரப்பு வரைக்கும் வந்தாள்.

“சொல்லியிருந்தா உன் மாமன் அன்னிக்கே வண்டிய எடைக்கிப் போட்டுட்டு, உன்னிய பட்டறைக்கி இட்டுனு போயிருப்பாரு. எனக்காவன்னுதான அது நின்னுகினு இருந்திச்சி. உன் மாமன் ரயிலுட்டு எறங்கினதும் நானே சொல்றேன், துளசி என் நெலத்துக்கு வண்டிய கொண்ணாந்தான்னு. பொய்யி இல்லியே, கொண்ணாந்துக்கிறியே. தையில அறுத்துட்டு அடுத்த போகத்துக்கு நீதான் ஓட்டற, மாடு வாணாம்னு லோகநாதங்கிட்டயும் சொல்லிட்டேன். அதுவரிக்கும் அத அணைக்காத நைனா.”

தை வரைக்கும் முடியுமா ஐயா? மறு தபாலில் தெரிவிக்கவும்.